இரவல் மேசையோடு போன ஏடு

1806 அக்டோபரில் பெஞ்சமின் பானெக்கரை அடக்கம் செய்த அன்றே அவருடைய மரவீடு எரிந்து போனது. மேரிலாண்டில், பால்டிமோருக்கு மேற்கே, தனியாக வாழ்ந்து முடித்த கறுப்பின விவசாயி அவர். வானியலைத் தானே கற்று, 1792 முதல் 1797 வரை பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1791 தொடக்கத்தில், 59 வயதில், அமெரிக்காவின் புதிய தலைநகருக்கு எல்லை அளக்கப் போன ஆண்ட்ரூ எல்லிகாட்டின் கூடாரத்தில் இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்துக் கடிகாரத்தைச் சரிபார்த்தவர். பக்கத்துக்குப் பத்து மைல் கொண்ட சதுரம் அது. மைலுக்கு ஒன்றாக நட்ட எல்லைக் கற்களில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. ஆனால் பானெக்கர் வீட்டில் இருந்த காகிதங்கள் ஒரே நாளில் சாம்பலாயின.

தப்பியவை முன்பே வீட்டை விட்டுப் போயிருந்தவை மட்டும். நூல்கள், கருவிகள், எழுத ஒரு மேசை என எல்லாவற்றையும் அவருக்கு இரவல் தந்தவர் பக்கத்து ஆலைக்காரர் ஜார்ஜ் எல்லிகாட். ஆண்ட்ரூவின் உறவினர். தான் கண் மூடியதும் இரவல் பொருள்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நன்றிக்கடனாகத் தன் கையெழுத்து ஏட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று பானெக்கர் சொல்லி வைத்திருந்தார். தங்கை மகன் தாமதிக்காமல் கொண்டு சேர்த்தார். கடன் வைக்காமல் போக நினைத்த மனிதரின் அந்த ஒழுக்கம்தான் ஏட்டைக் காப்பாற்றியது. இன்று அது பால்டிமோரில், மேரிலாண்டு வரலாற்று மையத்தில் இருக்கிறது.

கிரகணக் கணக்குகளுக்கு நடுவே அதில் சிள்வண்டுகளைப் பற்றி ஒரு குறிப்பு. 1749இல், பதினேழு வயதில், கூட்டங்கூட்டமாக மண்ணிலிருந்து கிளம்பிய பூச்சிகளைப் பார்த்து, விளைச்சலைத் தின்றுவிடும் என்று பயந்து அடித்துக் கொல்லப் பார்த்தாராம். 1766இல் மறுபடி வந்தன, 1783இல் மறுபடி. அடுத்தது 1800 என்று எழுதுகிறார். ஒரு மனிதர் ஒரே நிலத்தில் ஐம்பது வருஷம் உட்கார்ந்து பார்த்ததன் ருசு அந்தச் சில வரிகள். எரிந்தவற்றில் இப்படி இன்னும் எத்தனை இருந்தனவோ என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அதே கூடாரத்தில் இருந்த ஆண்ட்ரூ எல்லிகாட்டின் கதை வேறு. அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களைக்கூடக் குடும்பம் கட்டி வைத்திருந்தது. அவை 1908இல் நூலாக வெளிவந்தன. பெட்டியும் பூட்டும் பரம்பரை வீடும் உள்ளவர்களின் காகிதம் நிலைக்கிறது. அறிவில் யார் பெரியவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பானெக்கரின் கொடிவழியைத் தேடுகிறவர்களுக்குக் கைக்கு எட்டும் மிகத் திடமான காகிதம் 1737ஆம் ஆண்டுப் பத்திரம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தகப்பன், 7,000 பவுண்டு புகையிலை கொடுத்து 100 ஏக்கர் வாங்குகிறார். வாங்குபவர் பெயரில் தன்னோடு ஐந்தாறு வயதுப் பிள்ளையின் பெயரையும் எழுத வைக்கிறார். நாளை யாராவது வந்து இந்தப் பையன் யார், இவனுக்கு ஏது நிலம் என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் எழுத்து வேண்டும் என்று அந்தத் தகப்பன் எண்ணியிருக்க வேண்டும். அதற்கு முந்தையது வாய்மொழிதான்: பால் திருடியதாகப் பழி சுமத்தி இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட பாட்டி, தான் விலைக்கு வாங்கிய ஆப்பிரிக்கரை விடுவித்து மணந்தாள் என்பது குடும்பக் கதை. ஜார்ஜின் மகள் மார்த்தா டைசன் கேட்டு எழுதி வைத்ததால் அது நமக்கு வந்தது.

பானெக்கருக்கு மனைவி மக்கள் இல்லை. வம்சம் தங்கைகள் வழியாக, வேறு குடும்பப் பெயர்களில் ஓடியது. ஆண் பெயரைப் பிடித்துக்கொண்டே போகும் வம்சாவளிக்காரர் கண்ணில் அது படாது. தங்கை வழி வந்த சிலர் வெள்ளையராகவே வளர்ந்து, மரபணுச் சோதனைக்குப் பிறகுதான் தங்கள் மூதாதையை அறிந்தார்கள்.

காகிதம் இல்லாத இடத்தில் கட்டுக்கதை முளைக்கிறது. தலைநகரை வரைந்த லான்ஃபான்ட் கோபித்துக்கொண்டு வரைபடத்தோடு போய்விட, பானெக்கர் முழுவதையும் நினைவிலிருந்தே வரைந்தார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லப்பட்டது. அந்தச் சண்டை முற்றியது 1792இல். பானெக்கரோ 1791 ஏப்ரல் கடைசியிலேயே ஊர் திரும்பிவிட்டார். அன்போடுதான் சொன்னார்கள், ஆனாலும் அது அவர் உண்மையில் செய்த நுணுக்கமான வேலையை மறைத்துவிட்டது.

அவர் எழுதிய அந்த மேசை 1996இல் ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க ஒத்துக்கொண்டார். இந்த முறையும் இரவலாகத்தான்.