பலனைத் துறப்பதும் பலனைப் பார்ப்பதும்

வட இந்தியக் கிராமங்களில் கல்வித் தொண்டு புரிபவர்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பாடத்தைக் கணீரென்று வாசிக்கிறாள். தாயின் முகத்தில் பெருமிதம். தாம் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மகளாவது படிக்கிறாளே என்ற நிறைவு. தொண்டர் அந்தப் புத்தகத்தை மெல்ல மூடிவிட்டு, சிறுமி இதுவரை பார்த்திராத நான்கு வரிக் கதை ஒன்றை அவள் கையில் கொடுக்கிறார். கணீரென்ற குரல் நின்றுவிடுகிறது. விரல் முதல் எழுத்திலேயே தங்கிவிடுகிறது. வகுப்பில் பலமுறை காதால் கேட்டதை அவள் ஒப்பித்தாளே அன்றி, கண்ணால் கண்டு படிக்கவில்லை.

அவளுக்குப் பல மாதங்களாக மாலைதோறும் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்தவரே அந்தத் தொண்டர் என்று வைத்துக்கொள்வோம். அவர் உள்ளம் சோர்வது இயல்பு. அப்போது நண்பர் ஒருவர், 'கடமையைச் செய்வதே நம் பொறுப்பு; பலனைப் பற்றிக் கவலைப்படலாமா?' என்று ஆறுதல் கூறக்கூடும். கேட்பதற்கு இதமான சொல்தான். ஆனால் அது உண்மையான ஆறுதலா? தொண்டரின் மனம் அமைதி அடைந்துவிட்டால் சிறுமிக்கு எழுத்து வந்துவிடுமா? பலன் கருதாமல் செய்வதே தொண்டு என்றால், குழந்தை கற்றாளா என்று சோதித்துப் பார்ப்பது பலனில் வைத்த பற்றாகுமா? தொண்டில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது.

யாருடைய பலன்?

கர்மம் செய்வதில்தான் மனிதனுக்கு உரிமை, அதன் பலனில் இல்லை என்று பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். அதே சுலோகம், செயலற்றிருப்பதிலும் பற்று வேண்டாம் என்று முடிகிறது. மூன்று சுலோகங்களுக்குப் பின், யோகம் என்பது செயலில் விளங்கும் திறமை என்ற விளக்கமும் வருகிறது. பலனைத் துறந்தவன் செயலில் அசட்டையாக இருக்கலாம் என்ற பொருளுக்கு அங்கே இடமே இல்லை.

பதினெட்டாம் அத்தியாயம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. பலனை விரும்பாதவன் பற்றின்றி, விருப்பு வெறுப்பின்றிச் செய்யும் கர்மம் சாத்விகம் என்கிறது அதன் 23ஆம் சுலோகம். விளைவையும், இழப்பையும், பிறருக்கு நேரும் துன்பத்தையும், தன் ஆற்றலையும் எண்ணிப் பாராமல் மயக்கத்தால் தொடங்கப்படும் கர்மம் தாமசம் என்கிறது 25ஆம் சுலோகம். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலனாகும். பலனை விரும்பாமை வேறு. விளைவை எண்ணிப் பாராமை வேறு. முன்னது துறவு. பின்னது அறியாமை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் மனம் எளிதில் ஏமாந்துவிடுகிறது.

இலவச மருத்துவ முகாமில் ஒரு மருத்துவர் மருந்து கொடுக்கிறார். நோயாளி வாழ்த்த வேண்டும், ஊரார் போற்ற வேண்டும் என்று அவர் எண்ணவில்லையென்றால் அவர் பலனைத் துறந்தவர். ஆனால் காய்ச்சல் தணிந்ததா என்று மறுநாள் பார்க்காமலே அவர் ஊர் திரும்பிவிட்டால், அதைத் துறவு என்று எவரும் சொல்லமாட்டார்கள். புகழ், புண்ணியம், 'நான் நல்லது செய்தேன்' என்ற திருப்தி ஆகியவை செய்பவனுக்கு உரிய பலன்கள். துறக்க வேண்டியவை அவையே. நோயாளியின் உடல்நலம் மருத்துவருடைய சொத்தன்று. குழந்தையின் எழுத்தறிவும் தொண்டருடைய சொத்தன்று. தனக்கு உரிமையில்லாத ஒன்றை எவரும் துறக்க முடியாது. அதைக் கருத்தாகப் பேணி உரியவரிடம் சேர்ப்பதுதான் கடமை.

அளந்து பார்த்தவர்கள்

இந்தியாவில் எழுத்தறிவுத் தொண்டின் அண்மை வரலாறு இதற்குத் தக்க சான்று. மும்பைக் குடிசைப் பகுதிகளின் குழந்தைகளுக்காக 1995இல் 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம் உருவாயிற்று. அந்தந்தப் பகுதியின் இளம்பெண்களே வீட்டுத் திண்ணையிலும் கோயிலிலும் கிடைத்த இடத்தில் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பால்வாடிகள் நடத்தினார்கள். பின்னர் அந்நிறுவனம் தன்னையும் நாட்டையும் நோக்கி ஓர் எளிய கேள்வியைக் கேட்டது: பள்ளியில் சேர்ந்த குழந்தைகள் உண்மையில் படிக்கிறார்களா?

அதன் விளைவாக 2005இல் பிறந்ததே 'அஸர்' என்னும் ஆய்வு. ஹிந்தியிலும் உருதுவிலும் 'அஸர்' என்றால் விளைவு, தாக்கம் என்று பொருள். தொண்டர்கள் கிராமம் கிராமமாக, வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் அமர்கிறார்கள். அவர்கள் கையிலிருப்பது சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்பு அளவிலான ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை, இவ்வளவே. 2024இல் 600க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் ஏறத்தாழ ஆறரை லட்சம் குழந்தைகளை இந்த ஆய்வு சந்தித்தது. கிராமப்புறங்களில் 6 முதல் 14 வயதுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேர் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பினரில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்கக்கூடியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். மூன்றாம் வகுப்பினரில் நூற்றுக்கு 27 பேர். 2022இல் இவர்கள் நூற்றுக்கு 20 பேராகவே இருந்தனர் என்பதால் முன்னேற்றம் உண்டு. எனினும் எஞ்சியிருக்கும் தூரம் பெரிது.

அளவுகோல் பிறரை நோக்கி மட்டும் நீட்டப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் 2005ஆம் ஆண்டையொட்டி நடந்த முயற்சி ஒன்றைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். 65 கிராமங்களில் உள்ளூர் இளைஞர்கள் சில நாள் பயிற்சி பெற்று, ஊதியம் இன்றிப் படிப்பு வகுப்புகள் நடத்த அழைக்கப்பட்டார்கள். 55 கிராமங்களில் வகுப்புகள் நடந்தன. அதற்கு முன் ஓர் எழுத்தும் அறியாதிருந்து, வகுப்புக்கு வந்த குழந்தைகள் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். எளிய தொண்டர்களால் எழுத்தறிவிக்க முடியும் என்பது உறுதியாயிற்று.

அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் மறைக்காமல் சொன்னது. அந்தக் கிராமங்களின் குழந்தைகளில் வகுப்புக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்தாம். கற்றுத் தேறியவர்களின் மலர்ந்த முகங்களை மட்டும் பார்த்திருந்தால் தொண்டர்களின் நெஞ்சம் நிறைந்திருக்கும். வராத 92 பேரைக் கணக்கு மட்டுமே காட்டிக் கொடுத்தது.

அந்தக் கணக்கைக் கண்டு தொண்டு நின்றுவிடவில்லை. முறை மாறியது. பின்னாளில் பள்ளி நேரத்திலேயே, பள்ளிக்குள்ளேயே சில நாள் முகாம்கள் பலமுறை நடத்தப்பட்டன. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் வகுப்பு வாரியாக அல்லாமல், எழுத்து, சொல், பத்தி என அவரவர் நிற்கும் படியிலிருந்து தொடங்கினார்கள். 2013-14இல் உத்தரப் பிரதேசத்தில் நடந்த இத்தகைய முகாம்களில், பத்தியோ கதையோ படிக்கக்கூடிய குழந்தைகளின் பங்கு முகாம் நடக்காத பள்ளிகளைவிட ஏறத்தாழ இரு மடங்காயிற்று. முதல் முயற்சியின் குறையை ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்த நிறைவு வந்திராது.

பற்றின்மை தரும் துணிவு

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழுகிறது. அளக்கத் தொடங்கினால் எண்ணிக்கை மீது ஆசை பிறக்காதா? நன்கொடையாளருக்குக் காட்டுவதற்காக, எளிதில் கற்கும் குழந்தைகளை முன்வரிசையில் அமர்த்தி, மெல்லக் கற்பவர்களை ஒதுக்கிவிடும் தீமை நேராதா? நேரும். நேர்ந்தும் இருக்கிறது. அளவுகோல் ஒரு கருவிதான். அதை ஏந்தும் மனத்தின் குணமே அதற்கும் வந்துவிடும்.

ஆகவேதான் பலனைப் பார்ப்பதற்கும் பலனைத் துறப்பது தேவைப்படுகிறது. 'என் வகுப்பு, என் வெற்றி' என்று பற்று வைத்தவர் சோதனைக்கு அஞ்சுவார். ஏனெனில் குழந்தை தடுமாறும்போது தம் மதிப்பே தடுமாறுவதாக அவர் உணர்கிறார். அவர் தம்மையறியாமலே குழந்தைக்கு விடையை முணுமுணுப்பார். மனப்பாடத்தைப் படிப்பென்று நம்ப விரும்புவார். பற்றற்றவருக்கு இந்த அச்சம் இல்லை. தாழ்ந்த எண் அவரைச் சுடுவதில்லை. உயர்ந்த எண் அவரை மயக்குவதில்லை. 'இந்த வழி பயன் தரவில்லை. நாளை வேறு வழி' என்று அமைதியாகச் சொல்ல அவரால் முடியும். துறவு இல்லாத அளவீடு பொய்யில் முடியும். அளவீடு இல்லாத துறவு சோம்பலில் முடியும்.

ஆற்றலை எண்ணிப் பார்த்தல்

தன் ஆற்றலை எண்ணாமல் தொடங்கும் செயலும் தாமசமே என்று கீதை சொல்வது தொண்டர்களின் சிந்தனைக்கு உரியது. உற்சாகத்தில் வாரம் ஆறு நாள் வருவதாக வாக்களித்து, மூன்றாம் மாதத்தில் தேர்வு, வேலை, திருமணம் என்று நின்றுவிடுவோர் உண்டு. சென்றவருக்கு அது வாழ்வில் ஒரு நல்ல நினைவு. குழந்தைக்கு அப்படியன்று. பிழைப்புக்காகப் பெற்றோர் ஊர் ஊராக அலைவதையும், ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பதையும் கண்ட குழந்தைக்கு, பாதி வரிசையில் நின்றுபோன எழுத்துப் பாடம் இன்னொரு கைவிடுதல். தன்னால்தான் இயலவில்லை என்று அது முடிவு கட்டிவிடுகிறது. இரண்டு நாள் வருவதாகச் சொல்லி, மழையிலும் அந்த இரண்டு நாளும் வருபவர் செய்வதே பெரிய தொண்டு.

கொடுக்கும் விதமும் அவ்வாறே. மதிப்பின்றிக் கொடுக்கப்படும் தானம் தாமசம் என்பது பதினேழாம் அத்தியாயத்தின் கருத்து. பத்து வயதுச் சிறுவன் முதல் எழுத்துகளோடு அமரும்போது அவன் முகம் வாடாதபடி பார்த்துக்கொள்வதும் கல்வியின் பகுதி. ஐந்தாண்டுகள் பள்ளியில் இருந்தும் அவனுக்கு எழுத்து வரவில்லை என்றால், தோற்றது கற்பித்தல்; அவன் அல்லன். இதை உணர்ந்தவர் அவன்மீது இரக்கம் காட்டமாட்டார். நெடுநாள் தாமதமான கடனைத் திருப்பித் தருபவரின் அடக்கத்தோடு அவன் அருகில் அமர்வார்.

தொடக்கத்தில் கண்ட சிறுமி இன்னும் அந்த நான்கு வரிக் கதையின் முன் அமர்ந்திருக்கிறாள். தொண்டருக்குத் தேவையானது ஆறுதல் மொழி அன்று. அடுத்த நாள் பாடம். இணைந்து இருவரும் எழுத்துகளுக்குத் திரும்புகிறார்கள். மெய்யெழுத்தோடு உயிர்க்குறிகள் சேரும் வரிசையை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். தரையில் சாக்கட்டியால் எழுதி, அதன்மீது தாவி விளையாடுகிறார்கள். ஒரு மாலையில் அவள் யாரும் சொல்லாத ஒரு சொல்லைத் தானே கூட்டிப் படித்து, அதன் பொருள் விளங்கி நிமிர்ந்து பார்ப்பாள். அந்தக் கணம் முழுவதும் அவளுக்கே சொந்தம்.

பின்னாளில் அவள் தாய்க்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டலாம். தம்பிக்குக் கதை படித்துச் சொல்லலாம். எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரை மறந்தும் போகலாம். மறந்தால் குறையொன்றுமில்லை, தொண்டர் துறக்க வேண்டியிருந்த பலன் அதுதான். அவள் படிக்கிறாள் என்பதோ அவளுடைய பலன்; அது அவளைச் சேரும்வரை கண்ணயராமல் காப்பதே கர்மயோகம்.