முகட்டின் உயரமும் கருதல் அளவையும்

கேளம்பாக்கம் உப்பளங்களில் ஒரே அளவுப் பாத்திகளில் வாரிய உப்பும் ஒரே உயரத்தில் குவிவதில்லை. வெயில், காற்று, நீரின் அடர்த்தி எல்லாம் குவியலைக் கூட்டும், குறைக்கும். தடய அறிவியல் கூடத்தில் டிஎன்ஏ மாதிரியைக் கருவியில் ஓட்டும்போது திரையில் எழும் முகடுகளும் அப்படித்தான். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என வரும் இரு முகடுகள் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சிதைந்துபோன, துளியளவே கிடைத்த மாதிரியில் ஒன்று பாதியாகக் குறையும். சில வேளை மறைந்தே போகும். நகலெடுப்பில் நேரும் சறுக்கலால் பக்கத்தில் ‘ஸ்டட்டர்’ என்னும் போலி முகடும் முளைக்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கணிக்கத்தான் மாறிகள்: யாருடைய டிஎன்ஏ எவ்வளவு, சிதைவு எவ்வளவு, ஸ்டட்டர் எந்த விகிதம். யூரோஃபார்மிக்ஸ் மென்பொருள் உயரத்தைக் காமா பரவலாகக் கொள்கிறது. எஸ்டிஆர்மிக்ஸ், கிடைத்த உயரத்துக்கும் எதிர்பார்த்த உயரத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைப் பார்க்கிறது. கடைசியில் வருவது ஓர் எண். இவருடைய டிஎன்ஏ இதில் கலந்திருந்தால் இம்முகடுகள் தோன்றும் வாய்ப்பு, கலந்திராவிட்டால் தோன்றும் வாய்ப்பைப் போல் எத்தனை மடங்கு என்பதே அது.

இவர்தான் குற்றவாளி என்று அந்த எண் சொல்வதில்லை. நீதிமன்றத்தில் அதை அப்படிப் புரிந்துகொள்வதுதான் ஆபத்து.

அப்படியானால் அந்த எண் எவ்வகை அறிவு? அறிவை எடைபோடும் கேள்வி பழையது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியார் என்னும் நூலின் சுபக்கப் பகுதியில் இறைவனைப் பற்றி வாதிடும் முன்பே அளவையை, அதாவது அறியும் வழியை, எடுத்துக்கொண்டார். ஒன்றை அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம்? காண்டல், கருதல், உரை என மூன்று வழிகள். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுகிறோம்; நெருப்பின்றிப் புகை இல்லை என்பதால் அந்தக் கருதல் நிற்கிறது. முகட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அவ்வளவு உறுதியானதல்ல. அப்படியானால் அந்த எண்ணைக் கருதல் அளவை என்று ஏற்கலாமா? ஏற்கலாம், தன் ஐயத்தின் அளவையும் அது சேர்த்தே சொல்லும் வரை. ‘பொருந்துகிறது’ என்ற ஒற்றைச் சொல்லைவிட அது நேர்மையானது.

ஆனால் கருதலுக்கு முன்னால் உரை இருக்கிறது: இது இன்னாருடைய மாதிரி, இன்னார் கையில் இருந்தது என்ற சாட்சியம். 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்த தாமதத்துக்கு விளக்கம் இல்லை. இடையில் அவை யார் பொறுப்பில் இருந்தன என்பது நிரூபிக்கப்படவில்லை. எந்த மென்பொருளிலும் இதற்கு மாறி கிடையாது. இனி எடுக்கும் மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தை அடைய வேண்டும், ஒவ்வொரு கைமாற்றமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அதே தீர்ப்பு நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது.