கண்ணைக் காப்பது யார் வேலை?

யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கு ஆழம் குறைவு. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் களங்கண்டி வலையில் தொழில் செய்கிறவர்கள் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நிற்கிறார்கள். மேலிருந்து விழும் வெயில் போதாதென்று தண்ணீரில் பட்ட வெயிலும் முகத்தில் அடிக்கிறது. தலைக்குத் துவாய் உண்டு, கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்பது கடற்கரைகளில் பழகிப்போன பதில்.

அந்தப் பதிலை அறியாமை என்று தள்ளுவது அநியாயம். கடலுக்குப் போய் உயிரோடு திரும்புகிறவரின் நம்பிக்கை அது. ஆனால் அவர் நம்பும் சமயம் கண்ணைப் பற்றி அப்படித்தான் சொல்கிறதா?

காளத்தியில் கண்ணப்பர் தம் கண்ணைத் தோண்டி அப்பிய கதையைக் கேட்டு வளர்ந்தவருக்குத் தன் கண்ணைப் பேணுவது சின்னத்தனமாகக் கூடத் தோன்றலாம். பெரியபுராணத்தில் அந்தக் கதையை நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். இறைவன் கண்ணில் வழிந்த குருதியை நிறுத்தத்தான் அவர் தம் கண்ணைக் கொடுத்தார். அதற்கு முன் காடெல்லாம் அலைந்து பச்சிலை தேடிப் பிழிந்து பார்த்தார். மருந்து பலிக்காதபோதுதான் அம்பை எடுத்தார். இரண்டாவது கண்ணுக்கு அம்பு போனபோது இறைவனே கையைப் பிடித்துத் தடுத்தார். அதே பெரியபுராணத்தில் பார்வை இழந்த சுந்தரர் தலம் தலமாகப் போய்க் கண்ணைக் கேட்கிறார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெறுகிறார். கண் போனால் போகட்டும் என்று சொன்ன அடியார் அங்கே யாரும் இல்லை.

ஆகமச் சைவ ஆசிரியர்கள் இன்னும் கூர்மையாகப் பேசினார்கள். உயிரை மறைக்கும் ஆணவ மலம் கண்ணில் படரும் படலத்தைப் போல ஒரு பொருள் என்பது சத்யோஜோதி முதல் 12ஆம் நூற்றாண்டின் அகோரசிவாச்சாரியார் வரை வந்த வாதம். படலம் இருக்கிறது என்று அறிந்துகொள்வதால் மட்டும் அது விலகாது. வைத்தியர் கைவைத்து நீக்க வேண்டும். மலத்தை நீக்கும் அந்தக் கைதான் தீட்சை. அருள் செயலாக இறங்கி வருகிறது என்பதே இதன் உயிர்நாடி.

குருநகரிலும் பாசையூரிலும் கத்தோலிக்கர் அதிகம். அவர்களுடைய விவிலியத்தில் உள்ள தோபித்து நூலில் குருடான தந்தைக்குப் பார்வை ஒரு மீனால் வருகிறது. திக்ரீசு ஆற்றில் மகன் பிடித்த மீனின் பித்தத்தைக் கண்ணில் தடவ, வெண்படலம் உரிந்து விழுகிறது. வானதூதர் ரபேல் கூடவே நடந்தும் தாமாகக் குணமாக்கவில்லை. மீனைப் பிடி, பித்தத்தை எடுத்து வை என்று மகனுக்கு வேலை கொடுத்தார்.

அந்த வேலை இன்று என்ன என்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு பதில் கிடைத்தது. செசப்பீக் விரிகுடாவில் தொழில் செய்த 838 பேரைப் பரிசோதித்த ஆய்வு 1988இல் வெளியானது. கண்ணில் படும் ‘பி’ வகைப் புற ஊதாக் கதிரின் மொத்த அளவு இரட்டிக்கும்போது, கண்வில்லையின் புறப்பகுதியில் வரும் புரைக்கான அபாயம் 1.6 மடங்காகிறது என்று அது கண்டது. விளிம்புத் தொப்பியும் கண்ணாடியும் கண்ணுக்குள் போகும் கதிரைக் குறைக்கின்றன.

எந்தக் கண்ணாடி? கறுப்பு நிறத்தை நம்பி வாங்குவது ஆபத்து. புற ஊதாத் தடுப்பு இல்லாத இருண்ட கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரியும். கதிர் கூடுதலாக உள்ளே போகலாம். ‘யூவி 400’ என்ற குறிப்பைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு வெளிச்சம் புகாதபடி முகத்தோடு வளைந்த பிரேம் நல்லது. தூண்டில் வீசுகிறவருக்குப் பொலிகாபனேற் வில்லை வேண்டும்; ஈயமும் முள்ளும் திரும்பிப் பாய்ந்தால் சாதாரணக் கண்ணாடி சில்லாக உடைந்து கண்ணிலேயே ஏறும். போலரைஸ்ட் வில்லை தண்ணீரின் பளபளப்பை வெட்டி அடியில் இருப்பதைக் காட்டும். ஆழமற்ற நீரேரிக்கு மண்ணிறம், வெளிக்கடலுக்குச் சாம்பல் நிறம் பொருந்தும். கையில் காசு குறைவென்றால் போலரைஸ்டை விடலாம், புற ஊதாத் தடுப்பை விடக்கூடாது. முன்னது மீனைக் காண உதவும், பின்னது கண்ணையே காக்கும்.

கண்ணாடி போட்டால் பகட்டு என்று கூச்சப்படுகிறவர்களும் உண்டு. தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் கடற்றொழில் மரபில் வந்த பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் முருகனுக்குப் பூசை செய்கிறார்கள். அங்கே அதை யாரும் பகட்டு என்பதில்லை. அன்னதானக் கந்தன் என்று பெயர் வாங்கிய அந்தச் சந்நிதியின் அடியார்களும், குருநகர், பாசையூர்ப் பங்கு மக்களும் தொழிலாளருக்கு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுப்பதையும் தர்மக் கணக்கில் சேர்க்கலாம். வெயிலும் கண்கூச்சமும் ஏறும் பங்குனி, சித்திரைக்கு முன் தொடங்கினால் நல்லது.