இரண்டு கிலோ கடன்

ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் விதைநெல்லைக் கடனாகத்தான் தருகிறார்கள். 2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தரவேண்டும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் 2006-இல் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வாரோடு சேர்ந்து நடந்தவர் அவர். உழவர்களிடம் மிச்சமிருந்த பழைய ரகங்களை ஒன்றிரண்டாகத் தேடத் தொடங்கி, 174 வரை சேர்த்தார்.

2 கிலோ கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். எங்கள் மூன்று மா நிலத்துக்கு இந்தப் பையே ஏறக்குறையக் கட்டிவரும். விளைந்துவிட்டால் 4 கிலோ என்பது களம் கூட்டும்போது ஓரத்தில் ஒதுங்குகிற நெல்.

காசாகத் திருப்பிக் கேட்டிருந்தால் வேலை அதோடு முடிந்திருக்கும். நெல்லாகக் கேட்கிறார்கள். அது முளைக்க வேண்டும், வாங்கிய ரகமாகவே இருக்கவும் வேண்டும். பந்தலில் மைக் பிடித்துப் பேசியதைவிட இந்த நிபந்தனைதான் அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்று நினைக்கிறேன். விதையைத் தெரியாமல் இந்தக் கடனை அடைக்க முடியாது.

*

பந்தல் ஓரத்தில் ஒரு பெரியவர். வாளித் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுக் கரைத்தார். முட்டையை விட்டார். அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்னும் இரண்டு கை உப்பு. முட்டை புரண்டது, நிமிர்ந்தது, மெல்ல மேலே வந்தது. பழைய 25 காசு அளவுக்கு ஓடு வெளியே தெரிந்ததும் அதை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினார். பதரும் அரைகுறை மணியும் மிதந்தன. அவற்றை அரித்தெடுத்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசினார். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

"மெதக்குறது முளைக்கவே முளைக்காதா ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"சிலது முளைக்கும் தம்பி. நாத்து சவலையா இருக்கும்."

*

நெல் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும் பயிர். அதனால் காற்றில் வந்து சேரும் கலப்பு சொற்பம். பக்கத்து ரகத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி நட்டால் போதும் என்கிறார்கள் விதை உற்பத்தி செய்பவர்கள். கலப்பு பெரும்பாலும் வேறு வழிகளில் வருகிறது. போன போகத்தில் உதிர்ந்தது தானாக முளைக்கும். அறுவடை இயந்திரம் ஊரார் நெல்லையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு நம் வயலில் இறங்கும். சாக்கை உதறாமல் கட்டுவோம்.

ஆகவே விதைக்கென்று ஒதுக்கிய பாத்திக்குள் இறங்கி நடக்க வேண்டும். தூர் கட்டும்போது ஒரு நடை, பூக்கும்போது ஒரு நடை, அறுப்புக்கு முன் ஒரு நடை. உயரத்தில் மிஞ்சி நிற்பது, தண்டின் அடியில் நிறம் மாறியிருப்பது, முந்திப் பூத்தது, வாலில்லாத கதிர்களுக்கு நடுவே வால் நீண்டது எல்லாவற்றையும் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்குவதும் கதிர் வாங்கிய நெல்தான். கை கூசும். வேறெந்த வேலையையும்விட இதற்குப் பழகத்தான் நாளாகும் என்று தோன்றுகிறது.

பிறகு அந்தப் பாத்தியை மட்டும் அரிவாளால் அறுத்து, தனியே அடித்து, காயவைத்து, நொச்சியும் வேப்பிலையும் போட்டு வைப்பது. வைக்கோல் புரி சுற்றிக் கோட்டை கட்டி, மேலே சாணி மெழுகுவது பழைய வழக்கம். கோட்டை கட்டத் தெரிந்த ஆள் எங்கள் பக்கம் இப்போது அருமை. தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

*

விழாவில் மண்ணுக்கென்று சொன்னவற்றில் எனக்கு உடனே கைவரக்கூடியது பல தானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள், வாசனைப் பயிர் எல்லாம் கலந்து விதைத்து, பூவெடுக்கும் சமயம் மடக்கி உழுவது. கோடை மழை ஒன்று கிடைக்க வேண்டும்.

*

ஒவ்வாத ஒன்றையும் எழுதிவைக்கிறேன். அரிசிக் கடைகளில் ஒவ்வொரு ரகத்துக்கும் பக்கத்தில் ஒரு நோயின் பெயர். இது சர்க்கரைக்கு, அது மூட்டுவலிக்கு. சோறாக இருந்தால் போதாதா? காட்டுயானம் ஆளுயரம் தாண்டி வளரும், நிலத்தில் ஆறு மாதம் நிற்கும், காற்றடித்தால் சாயும். மகசூலும் புது ரகங்களைவிடக் குறைவு. இதையும் பலகையில் எழுதலாம். மருந்தென்று வாங்கியவர் சர்க்கரை இறங்காவிட்டால் விட்டுவிடுவார். உப்பு நிலம் தாங்கும் என்று குழியடிச்சானை வாங்கிப்போனவர் அத்தனை சீக்கிரம் விடமாட்டார்.

*

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. இந்தப் பகுதி முழுக்க அடிவாங்கியது. டிசம்பர் 6-இல் ஜெயராமன் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் கடன் அடைக்க முடியாமல் போனவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைக் கடன்காரர்கள் என்று யார் சொல்வது? ஒருவர் வயலில் மூழ்கிய ரகம் வேறொரு ஊரில் யாருடைய குதிரிலாவது இருக்கத்தான் 2 கிலோ 2 கிலோவாகப் பிரித்துக் கொடுப்பது. விதையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதைத் தற்சார்பு என்கிறோம். அது தொலைகிற வருஷத்தில் இன்னொருவர் வாசலில்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

*

நான் வாங்கியது பூங்கார். 90 நாளுக்குள் வந்துவிடும் என்பதால் குறுவைக்குப் பார்க்கலாம். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் எங்களுடையது கடைமடை. தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று தயாராக இருக்கவேண்டும். பம்புசெட் உள்ள சித்தப்பாவிடம் நாற்றங்காலுக்கு ஒரு மூலை கேட்டேன்.

"எடுத்துக்கடா. ஆனா போன போகம் அதுல ஆடுதுறை 45 போட்டிருந்தேன். உதிர்ந்து கிடக்கும், உன் நாத்தோட சேந்து முளைக்கும்."

அப்படியானால் முதலில் வெறும் தண்ணீர் கட்டி, கிடப்பதெல்லாம் முளைத்தபின் மடக்கி உழுதுவிட்டுத்தான் பூங்காரை விடவேண்டும். பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கும். டீசல் என் செலவு என்று சொல்லிவிட்டேன்.