யாருடைய செவிக்கு முதலிடம்?

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், வடகோடியில், ஒரு தொடக்கப்பள்ளி. அருகிலே தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய இருப்புப்பாதை. நான்கரை நிமிடத்துக்கு ஒருமுறை வண்டி ஓடும். ஓடும்போதெல்லாம் அந்தப் பக்கத்து வகுப்பறைகளில் ஒலி 89 டெசிபெல் வரை ஏறும். ஆசிரியர் பேச்சை நிறுத்துவார், பிள்ளைகள் காத்திருப்பர், வண்டி போனபின், விட்ட இடம் எது என்று தேடிப் பிடித்துப் பாடம் தொடரும். கட்டடத்தின் மறுபக்கத்து வகுப்பறைகளுக்கு இத்தொல்லை இல்லை. ஒரே பள்ளி, ஒரே பாடநூல், ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் - சன்னல் பார்க்கும் திசை ஒன்றே வேறு!

ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் பேராசிரியை, டென்னிஸ் மெக்கார்த்தி என்பவருடன் சேர்ந்து, இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டு 1975இல் ஆய்வு வெளியிட்டார். ஆறாம் வகுப்பை எட்டும்போது, இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். சான்று கைக்கு வந்ததும் தண்டவாளத்தின் அடியில் ரப்பர் பட்டைகள் வைக்கப்பட்டன. வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இடையே வேறுபாடே காணப்படவில்லை.

இதைப் படித்தபோது என்னை உறுத்தியது இரைச்சலன்று. அது தணியும் முன்னர் அந்தப் பிள்ளைகளைப் பற்றி என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்பதே. நெடுஞ்சாலையோரப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லும் நானும், லாரி கடக்கும்போது பேச்சை நிறுத்துபவன், சன்னலோரத்துப் பையன் விடை தவறச் சொன்னால், "கவனம் எங்கே?" என்று கடிந்துகொண்டவன். நாம் 'மக்கு' என்போம். பெற்றோர் 'அவன் தலையெழுத்து' என்பர். குலத்தைச் சுட்டி அறிவை அளப்போரும் நம்மிடையே இன்னும் உளர். தலையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட எழுத்தை, தண்டவாளத்தடியில் வைத்த ரப்பர் அழித்துவிட்டது!

ஆராய்ச்சிக்குரிய பணமும் ஆளும் எந்நாட்டிலும் அளவுக்கு உட்பட்டவை. வானூர்தி, தொடர்வண்டி, லாரி, மோட்டார் சைக்கிள், ஜெனரேட்டர், பாறை பிளக்கும் கருவி, மரம் அறுக்கும் எந்திரம் - எல்லாமே ஓலமிடுகின்றன. எதை முதலில் அடக்க ஆராய்வது? "அது பொறியாளர் வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். பொறியாளரோ மானி காட்டும் எண்ணைப் பார்க்கிறார். ஒலி எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லும். அது எவர் செவியில், எந்த நேரத்தில், அவர் விலகிப் போக வழியுண்டா என்பதை அது சொல்லாது. முதலிடம் யாருக்கு என்ற கேள்வி அறத்தின் கேள்வி. அதைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருக்க முடியாது.

எண்ணையும் சற்று அறிந்துகொள்வோம். டெசிபெல் கணக்கு கடைக்காரர் கணக்கன்று. ஒரே அளவு ஒலிக்கும் இரு வண்டிகள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. செவிக்கு ஏறக்குறைய இரு மடங்கு. எனவே, சாலையில் ஓடும் வண்டிகளில் பாதியை அகற்றினாலும் குறைவது 3 டெசிபெல்தான். செவி அதை அரிதாகவே உணரும். அவையில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவனை விட்டுவிட்டு, மெல்லப் பேசும் பத்துப் பேரை வாய் பொத்தச் சொல்வதில் பயன் இல்லை.

அறிவியல் கைவிட்டதென்று சொல்ல வழியில்லை. தாரை எந்திரத்திலிருந்து பீறிடும் காற்றின் ஒலியாற்றல் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்காக உயர்கிறது என்று 1952இல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற கணித அறிஞர் காட்டினார். வேகம் பாதியானால், ஒலியாற்றல் 256இல் ஒரு பங்கு! எந்திரத்தின் முகப்பிலே பெரிய விசிறியை வைத்து, மிகுந்த காற்றை மெதுவாகத் தள்ளும் அமைப்பு பின்னாளில் பரவியபோது, ஒவ்வொரு வானூர்தியின் ஓலமும் பெரிதும் தணிந்தது. அவ்வமைப்பு எரிபொருளையும் மிச்சப்படுத்தியது. நிறுவனங்கள் விருப்பத்தோடு ஏற்றதற்கு அதுவே பெருங்காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆதாயமும் அமைதியும் ஒரே வண்டியில் வந்தன. தனித்து வந்திருந்தால்?

அமைதிக்கு விலை வைத்த கதை ஒன்று உண்டு. இலண்டனுக்கு மூன்றாவது வானூர்தி நிலையம் எங்கே அமைப்பது என்று முடிவு செய்ய, நீதிபதி ரோஸ்கில் தலைமையில் 1968இல் ஒரு குழு அமைந்தது. நன்மை தீமை அனைத்தையும் பவுன் கணக்கில் எழுதிப் பார்த்த குழு அது. இரைச்சலால் விளையும் தீமையை எப்படிப் பவுனாக்குவது? வீட்டின் விலை எவ்வளவு வீழும் என்பதை முதன்மை அளவாகக் கொண்டனர். 1971இல் குழு ஓரிடத்தைப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. அந்த அளவுகோலைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன். மாளிகையின் விலை பெரிதாக வீழும்; ஆகவே மாளிகைவாசியின் உறக்கம் விலை உயர்ந்தது. தண்டவாளத்தோரக் குடிசைக்குச் சந்தையில் விலையே இல்லை. ஆகவே அங்கே உறங்கும் குழந்தையின் உறக்கத்துக்கும் விலை இல்லை. கூட்டல் கழித்தலில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் மனுவின் தராசுக்கும் இந்தத் தராசுக்கும் வேறுபாடு என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

"குடிசைவாசிக்குப் பழகிப்போயிற்று, அவனே புகார் செய்யவில்லையே!" என்பார் உண்டு. இந்தச் சொல்லை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவனும் இதையேதான் சொன்னான். பழகியது மனம், உடல் பழகவில்லை. உறங்குபவன் விழிக்காவிட்டாலும், இரவிலே கடந்து செல்லும் வண்டியின் ஒலிக்கு அவன் நாடி துடிப்பு ஏறுகிறது, குருதியழுத்தம் உயர்கிறது. போக்குவரத்து இரைச்சலால் மேற்கு ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் நலவாழ்வு ஆண்டுகள் இழக்கப்படுகின்றன என்று 2011இல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுள் புகார் எழுதியவர் எத்தனை பேர் என்பதா நமக்கு அளவுகோல்? புகார் எழுத எழுத்தறிவு வேண்டும், ஓய்வு வேண்டும், தன் சொல்லுக்கு மதிப்புண்டு என்ற நம்பிக்கை வேண்டும்.

(இடையே ஒன்று. சென்னையில் ஒரு தேவாலயம் தொடர்பான வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபடுமாறு எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதை எடுத்துக்காட்டி ஆலயத்தையும் ஆடித் திருவிழாவையும் சாடுவதில் நாம் சளைத்தவர்களல்லர். இரவு பத்து மணிக்குப் பிறகும் நம் மேடைகளின் குழாய்கள் முழங்கியதை என் செவியே கேட்டிருக்கிறது. பகுத்தறிவைப் பேசுவதால் டெசிபெல் குறைந்துவிடாது.)

இரைச்சலை ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைப்பதையும் சிலர் தீர்வு என்று எண்ணுகின்றனர். 1992 மே திங்களில் செருமனியின் மியூனிக் நகரத்துப் பழைய வானூர்தி நிலையத்தை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே புதியதைத் திறந்தனர். ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் இரண்டிடத்துப் பிள்ளைகளையும் சோதித்தனர். பழைய நிலையத்தருகே இருந்தவர்களின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. புதிய நிலையத்தருகே இருந்தவர்களின் வாசிப்பும் நினைவாற்றலும் தளர்ந்தன. நகரத்துப் பிள்ளையின் சுமையைச் சிற்றூர்ப் பிள்ளையின் தலையில் ஏற்றியாயிற்று! நம் நகரங்களைச் சுற்றிப் புறவழிச்சாலை போடும்போது நாமும் இதையே செய்கிறோம். சாலை செல்லும் வழியில் இருக்கும் சிற்றூர்களை யார் கேட்டார்கள்?

பெயர்ப்பது தீர்வன்று, பிறப்பிடத்தில் அடக்குவதே தீர்வு. ஆனால் பிறப்பிடத்தில் அடக்கும் வழி தெரிந்தபின்னும் என்ன நடக்கிறது என்பதற்கு ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கு சான்று. அங்கே குறுகிய பள்ளத்தாக்கில், ஆற்றின் இரு கரைகளிலும் இருப்புப்பாதை. இரவெல்லாம் சரக்கு வண்டிகள். பழைய சரக்குப் பெட்டிகளின் தடைக்கட்டை வார்ப்பிரும்பால் ஆனது. தடை போடும்தோறும் அது சக்கரத்தின் பரப்பைச் சொரசொரப்பாக்கும். சொரசொரத்த சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது எழுவதே அந்தப் பேரிரைச்சல். வார்ப்பிரும்புக்குப் பதில் கலவைப் பொருளால் ஆன கட்டை வைத்தால் சக்கரம் வழவழப்பாகவே இருக்கும், 8 முதல் 10 டெசிபெல் குறையும், செவிக்குப் பாதி. எந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை, பாதையை மாற்ற வேண்டியதில்லை - ஒரு கட்டை! அத்தகைய கட்டைகளில் ஒருவகை 2003இலேயே பன்னாட்டு ஒப்புதல் பெற்றுவிட்டது. பழைய பெட்டிகளில் எளிதாக மாற்றிப் பொருத்தும் வகை 2013இல் ஒப்புதல் பெற்றது. எனினும், வார்ப்பிரும்புக் கட்டையுடன் பெட்டிகள் ஓடலாகாது என்ற தடை 2020இல்தான் சுவிட்சர்லாந்திலும் செருமனியிலும் நடைமுறைக்கு வந்தது.

இத்தனை ஆண்டுகள் தாமதம் ஏன்? கட்டை மாற்றும் செலவு பெட்டி உடைமையாளனுக்கு. உறக்கத்தின் பயன் ஆற்றங்கரை மக்களுக்கு. எரிபொருள் மிச்சமானதால் வானூர்தி விசிறி பரவியது; எவர் பையிலும் காசு மிச்சமாகாததால் தடைக்கட்டை காத்துக்கிடந்தது. ஆகவே ஆராய்ச்சியின் முதல் வரிசையில் ஓர் இடம், புதுக் கருவிக்கன்று, தெரிந்த கருவி ஏன் முடங்கிக் கிடக்கிறது, செலவை யார் மீது வைத்தால் அது நகரும் என்ற ஆய்வுக்கே உரியது என்பேன். பொருளியல் படித்த தோழர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

மற்றோர் இடம் உழைப்பாளியின் செவிக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில், வெளிப்புறத்தில் இயங்கும் 57 வகை எந்திரங்கள் தத்தம் ஒலியளவைப் பொறித்துக்கொண்டே விற்பனைக்கு வரவேண்டும் என்று விதித்தது. வாஷிங்டன் நகரம் 2022இல் பெட்ரோலில் ஓடும் இலை ஊதும் கருவியைத் தடைசெய்தது. நல்லதே. ஆயினும் அங்கே எழுந்த குரல் பெரிதும் வீட்டுக்குள் இருப்போரின் குரல். கருவியைத் தோளில் சுமப்பவனின் செவி அதற்கு ஒரு முழம் தள்ளித்தானே இருக்கிறது! எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. அதற்குமேல் 3 டெசிபெல் கூடும்தோறும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 100 டெசிபெல் எனில் கால் மணி நேரம்! நம் சாலையில் பாறை பிளக்கும் தொழிலாளி, காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு, காலை முதல் மாலை வரை நிற்கிறான். ஐம்பது வயதில் அவன் பேரன் அழைப்பது அவனுக்குக் கேட்காது. 'கிழவனுக்குச் செவிடு' என்பார்கள்.

"பசித்த நாட்டுக்கு அமைதி ஓர் ஆடம்பரம்" என்று கேட்கப்படுகிறது. ஆடம்பரமான அமைதி ஒன்று உண்டு, மறுக்கவில்லை. விலையுயர்ந்த காரின் உள்ளே ஓசை நுழையாதிருக்க எத்தனை பொறியாளர் எத்தனை ஆண்டு உழைத்திருக்கின்றனர்! கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே மெல்லிசை கேட்டவாறே, வெளியே நடப்பவன் செவியில் ஹாரனை அறைகிறார்கள். அறிவு அந்தப் பக்கம் முழுதும் செலவானபின், நடப்பவனுக்கென்று கேட்கும்போது மட்டும் பசி நினைவுக்கு வருகிறது. மன்ஹாட்டன் பள்ளிக்குத் தேவைப்பட்டது ரப்பரும் கூரைப் பலகையும் அல்லவா?

மின்சார வண்டி வந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்பதும் முழு உண்மையன்று. வேகம் கூடியபின் காரின் இரைச்சலில் பெரும்பங்கு டயரும் சாலையும் உராய்வதால் வருவது. எந்திரம் எதுவாயினும் அது நீங்காது. நெதர்லாந்து நாட்டார் தங்கள் பெருஞ்சாலைகளில் நுண்துளை கொண்ட தார்க்கலவையைப் பரப்பியிருப்பது அதனால்தான். அத்துளைகள் புழுதியால் அடைபடுகின்றன என்பது அதன் குறை. நம் புழுதிக்கும் மழைக்கும் எது நிற்கும் என்பது நம் பொறியியல் கல்லூரிகள் எடுத்துச் செய்யவேண்டிய ஆய்வு. மெதுவாக ஊரும்போதோ மின்வண்டி ஓசையே இன்றி வருகிறது. பார்வையற்றோர் எப்படி அறிவர்? அதனால் ஐரோப்பாவில் 2019 முதல், குறைந்த வேகத்தில் மின்வண்டிகள் செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று விதித்துள்ளனர். அமைதியே எப்போதும் அறமாகிவிடாது. எவருக்கு என்று அங்கும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், அமைதிப் பகுதிக்குப் பகலில் 50 டெசிபெல் என்று எல்லை வகுத்துள்ளன. பள்ளிச் சுற்றுப்புறமும் அந்தப் பகுதிக்குள் கருதப்பட்டதே. இன்று கைப்பேசியிலேயே ஒலியை அளக்க முடிகிறது; துல்லியம் இல்லை, ஆயினும் இரண்டு அறைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். என் வகுப்பில், சாலைப்பக்கச் சன்னலோரத்தில், மணிக்கு ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எழுதுபவன் நான் கடிந்துகொண்ட அந்தப் பையனே. மறுபக்கத்தில் தோட்டத்தைப் பார்த்த அறையில் இன்னொரு பிரிவு நடக்கிறது. அந்த ஆசிரியரிடமும் கேட்டிருக்கிறேன்; அடுத்த வாரம் முதல் அங்கும் அளப்போம், பிறகு இரு பிரிவுக்கும் ஒரே வாசிப்புச் சோதனை.