உப்பு மூட்டை

அந்த மனிதர் மேஜையிலிருந்த உப்புக் குப்பியை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினார். குழந்தை குப்பியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடியும் அதையே சொன்னது: "உப்பு மூட்டை."

ஜி.எஸ்.டி. சாலையில், அச்சரப்பாக்கத்து ஓட்டல் ஒன்றில் ஒரு மத்தியான நேரம். நாற்பதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தம்பதி. நடுவில் மூன்று வயது மதிக்கத்தக்க நம்மூர்ப் பெண் குழந்தை. கை கழுவப் போன டிரைவர் என் பக்கம் குனிந்து, "தத்து எடுத்துட்டுப் போறாங்க சார். ராத்திரி ஃப்ளைட்டு" என்றார். எந்த நாடு என்று கேட்டேன். "வெளிநாடு சார்" என்றார்.

அந்த அம்மாள் கையில் போன் இருந்தது. குழந்தையின் சொல்லை அது உப்பு, பை என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் குப்பி. போனைக் குறை சொல்ல முடியாது.

எழுந்து போனேன். என் முதுகைத் தட்டிக் காட்டி, குனிந்து, குழந்தையைச் சுட்டினேன். அவர் சட்டென்று புரிந்துகொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குழந்தை ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அம்மாள் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் மேஜைகளுக்கு இடையே நாலு நடை நடந்தார். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிடரியில் கன்னத்தை வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தது.

எதற்கென்று எனக்குத் தெரியும். சுமக்கிறவர் கூவ வேண்டும். உப்பு வேணுமா உப்பு என்று வீடு வீடாக விற்கப் போக வேண்டும். அதுதான் விளையாட்டே. முதுகில் ஏறுவது அதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். மீதியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் காபிக்கே திரும்பி வந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அவர்கள் கார் சென்னைப் பக்கம் போய்விட்டது.

ஏன் சொல்லவில்லை? மாதக்கணக்கில் இதுவே அரிக்கிறது.

என்னைச் சுமந்தவர் தாத்தா. ஆட்சீஸ்வரர் கோயில் தெருவில் தூக்கிக்கொண்டு போகும்போது வேண்டுமென்றே ஓரிடத்தில் தடுமாறி, "அச்சு முறிஞ்சிபோச்சுடா" என்பார். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரைக் கும்பிட மறந்தாராம். பிள்ளையார் தேரின் அச்சை முறித்துவிட்டாராம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். வாயில் தேய்ந்து அச்சரப்பாக்கம். அப்பனுக்கே இந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் என்று முடிப்பார். எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் வேண்டும். அடுத்த வீட்டுத் திண்ணையில் நின்று உப்பு வேணுமா என்பார். அவர்கள் வேண்டாம் என்பார்கள். எதிர்வீடும் வேண்டாம் என்னும். கடைசியில் எங்கள் வீட்டு வாசல். அம்மா அடுப்படியிலிருந்தே, "எங்களுக்கு வேணும், கொண்டாங்க" என்று குரல் கொடுப்பாள். முதுகிலிருந்து அம்மாவிடம் சரிவேன்.

உப்பு, வண்டி, அச்சு. எப்போதோ படித்தது ஒன்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னதாக ஞாபகம். தேடினால், புறநானூற்றின் 102ஆம் பாட்டு. பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு விற்கும் உமணர் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். எருதுகள் இளசு, நுகம் பழகாதவை. பாரம் பெரிது. மேடு வருமோ பள்ளம் வருமோ, யார் கண்டது? அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று தலைவனைப் புகழ்கிற பாட்டு. எனக்கோ அன்று பார்த்த அந்த இரண்டு பேர்தான் நினைவில் வந்தார்கள். நுகம் புதிது. பாரமோ பதினைந்து கிலோகூட இருக்காது. கீழே என்ன கட்டிக்கொண்டு போனார்கள்?

காகிதங்கள் கட்டிக்கொண்டுதான் போயிருப்பார்கள், அதுவும் நிறைய. 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறை வகுத்தது. 1993இல் ஹேக் உடன்படிக்கை. இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது 2003இல். முதலில் உள்நாட்டில் தத்தெடுப்பவரைத் தேட வேண்டும், பெற்றவள் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள 60 நாள் தர வேண்டும். 2022லிருந்து தத்து ஆணையில் கையெழுத்திடுபவர் மாவட்ட ஆட்சியர். குழந்தையை அழைத்துப் போகத் தத்தெடுப்பவர்களே நேரில் வர வேண்டும். இவ்வளவும் சும்மா வந்துவிடவில்லை. 2005இல் சென்னையில் வெளிவந்த விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். தெருவில் விளையாடிய குழந்தைகள் கடத்தப்பட்டு, தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா வரை போனதாக வழக்கு. இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து பழைய நாளில் நடந்த தத்துகளில் முறைகேடு என்று விசாரணைக் குழு சொன்னபின், நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது.

இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரர், முதுகில் நம் குழந்தை. அவருக்குப் போய் விலை கூவச் சொல்லித் தருவதா? என் நாக்கு அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

இதுவும் முழு உண்மை இல்லை. அந்த இருவர்மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து, விசாரணைக்கெல்லாம் உட்பட்டு வந்தவர்களாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் கொடுத்து வாங்கியதற்கு என்ன காகிதம் இருந்தது? என் பெரியத்தையை நாலு வயதில் மதுராந்தகத்தில் பிள்ளையில்லாத சின்னத் தாத்தா வீட்டுக்குக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அரை மணி தூரம். எழுபது வயதிலும் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசற்படியில்தான் உட்காருவாள். உள்ளே வா அக்கா என்று அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். ஒருவேளை அந்தப் படிதான் குறுக்கே வந்ததோ? பாதியைக் கொடுத்துவிட்டு, பாதியை நம்மிடமே வைத்துக்கொள்ளும் புத்தி?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குழந்தையை யாரோ முதுகில் சுமந்திருக்கிறார்கள். இல்லத்து ஆயாவோ, அதற்கும் முன்னால் வேறு யாரோ. அந்த ஆள் கூவியிருக்கிறார், அதனால்தான் அது காத்திருந்தது. பதினெட்டு வயதானபின் தன் பூர்வீகத்தைத் தேடிக் கேட்க அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெற்றவள் யாரென்று அவள் சம்மதமில்லாமல் சொல்ல மாட்டார்கள். கோப்பில் தேதி இருக்கும், எடை இருக்கும், போட்டோ இருக்கும். முதுகு இருக்குமா?

சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டலுக்குள் அவர் தன் உச்சரிப்பில் கூவியிருப்பார். கல்லாவில் இருந்தவரோ பரிமாறுகிறவரோ பழக்கத்தில் வேண்டாம் என்றிருப்பார்கள். என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன், அதுதானே முறை. கடைசியில் வாங்க வேண்டியவள் அந்த அம்மாள். எங்களுக்கு வேணும் என்று எந்த மொழியில் சொல்லியிருப்பாள்? குழந்தைக்குக் கேட்டிருக்குமா?

எனக்குத் தெரியவில்லை. சொல்லாதது மரியாதையா, கோழைத்தனமா என்றும் தெரியவில்லை. உப்பு மூட்டையை எங்கள் தெருவில் அம்மாதான் வாங்குவாள். உங்கள் பக்கம் எப்படி முடிப்பார்கள்? வேறு முடிவு இருந்தால் எழுதுங்கள்.