முடவன் முழுக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நாவல் எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, கதாநாயகியை ஏன் சாகடித்தீர்கள் என்று சண்டைக்கு வருபவை. இது அப்படிப்பட்டதல்ல. இரண்டு முறை படித்துவிட்டு மேஜை மேல் வைத்தேன். மூன்றாம் முறை படித்த பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அம்மாள் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். கணவரிடமிருந்து சட்டப்படி பிரிந்து இரண்டு வருஷங்கள் ஆகின்றன. ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. வெயில் தணிந்து மழை தொடங்கும் நாட்களில், கிடைக்கிற விடுமுறையில், மகளை எங்காவது அழைத்துப் போவது அவருக்கு வழக்கம். காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பிவிடுவார். வெளியூரில் தங்குவதில்லை. பணம் ஒரு காரணம். குழந்தையோடு தனியாக வந்து அறை கேட்கும் பெண்ணை விடுதிக்காரர் பார்க்கிற பார்வை இன்னொரு காரணம்.

போன ஐப்பசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனார்களாம். மழைக் காலத்தில் பாறை சரிந்து பாதை அடைபட்டுவிடும் என்பதால், அந்த மாதத்தில் வண்டி ஓடுவதே அதிர்ஷ்டம். 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைக் கவ்விக்கொள்ள, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். வழியில் 16 குகைகள். ஒவ்வொரு குகைக்குள் நுழையும்போதும் பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போடுவார்கள். பெரியவர்களும் போடுவார்கள், இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அம்மாளும் போட்டாராம். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுக் கத்தினேன் என்று எழுதுகிறார்.

எதிர் இருக்கையில் ஒரு பெரிய குடும்பம். அதில் மூத்தவர் குழந்தைக்கு முறுக்கு கொடுத்துவிட்டு, "சார் வரலைங்களா?" என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. நம் ஊரில் முறுக்கு கொடுத்தால் அடுத்து இதைத்தான் கேட்பார்கள். "அவரு வெளியூர்ல வேலையா இருக்காருங்க" என்று சொல்லிவிட்டார் இவர்.

அடுத்த குகையில் குழந்தை கூச்சல் போடவில்லை.

இரவு பஸ்ஸில் திரும்பும்போது, தூங்குகிறாள் என்று நினைத்திருந்த மகள் மடியிலிருந்தபடியே கேட்டிருக்கிறாள்: "அம்மா, ஏன் பொய் சொன்னே?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அந்த அம்மாள் என்னைக் கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "உனக்கென்னடி ஊர் சுற்றல் வேண்டிக்கிடக்கு?" என்று உறவினர்கள் கேட்கிறார்களாம். குழந்தையைச் சாக்கிட்டு நான்தான் சந்தோஷப்படுகிறேனோ, அது தவறோ என்கிறார்.

வள்ளுவர் வாய்மையைப் பற்றிப் பாடிய அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். அந்தக் குறளை ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டு நான் பேனாவை மூடியிருக்கலாம். முடியவில்லை. அந்தச் சிறுமி இருந்த இடத்தில் நானும் ஒரு தடவை இருந்திருக்கிறேன். அவள் தாயிடமே கேட்டாள். நான் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன்.

அது 1961-ம் வருஷம். எனக்கு எட்டு வயது. அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். சோற்றுக்குக் குறைவில்லை, யாரும் எங்களைக் கடிந்து பேசியதும் இல்லை. ஆனால் அம்மா வாசற்படியைத் தாண்டுவதென்றால் அதற்கு ஒரு காரியம் இருக்கவேண்டும். கோயில், ஆற்றங்கரை, துக்க வீடு, இந்த மூன்றுக்கும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததுமே, மாயவரத்துக்குப் போய்க் காவிரியில் முழுகிவிட்டு வரவேண்டும் என்று அம்மா கேட்டாள். (1982-ல்தான் அந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று மறுபடி பெயர் வந்தது. எங்களுக்கு அது மாயவரம்.) ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை முதலான நதிகள் எல்லாம், ஜனங்கள் தங்களிடம் கழுவிவிட்டுப் போன பாவத்தைக் கரைக்க அங்கே காவிரிக்கு வருகின்றன என்பது ஐதிகம். பாட்டி, "பார்க்கலாம்" என்றாள். முப்பது நாளும் பார்த்தார்கள். மாதக் கடைசி நாள் கடைமுழுக்கு. அன்றைக்குப் பார்த்துப் பெரியம்மாவுக்குக் காய்ச்சல். அடுப்படியை விட்டு அம்மா நகர முடியவில்லை. போயிற்று, இனி அடுத்த வருஷம்தான் என்று எல்லாரும் நினைத்திருக்க, மறுநாள் விடியற்காலையில் தலைவாரிக்கொண்டு வந்து நின்றாள். "இன்னைக்கு முடவன் முழுக்கு, அத்தே" என்றாள்.

முடவன் ஒருவன் ஐப்பசிக்குள் மாயவரம் சேர்ந்துவிட வேண்டும் என்று தவழ்ந்து தவழ்ந்து வந்தானாம். வந்து சேர்ந்தபோது மாதம் முடிந்துவிட்டது. அவனுக்காகக் கார்த்திகை முதல் தேதியிலும் அதே பலன் உண்டென்று இறைவன் அருளினார் என்பார்கள். பிந்தி வந்தவர்களுக்கென்று ஒரு நாள்! பாட்டியால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. துணைக்கு நான். பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

பாசஞ்சர் வண்டி. கரித்தூள் கண்ணில் விழும். விழுந்தாலும் ஜன்னலை விட்டு நான் நகரவில்லை. திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் அம்மா வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

துலாக் கட்டத்தில் முதல் நாள் கூட்டம் இல்லை. காவிரி செம்மண் நிறத்தில் நிறைந்து ஓடியது. அம்மா மூழ்கினாள், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்தப் பிரார்த்தனையில் பொய் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு படியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன இட்லியைத் தின்றோம். அவளுக்குத் திரும்பிப் போக அவசரம் இருப்பதாகவே தெரியவில்லை. கடைவீதியில் பாதிக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ராட்டினம் மட்டும் இன்னும் நின்றது. மரத்தாலானது, நாலு தொட்டில், கையால் சுற்றுவது.

நான் வேண்டும் என்றேன். ராட்டினக்காரன், "சின்னப் பையனைத் தனியா ஏத்தமாட்டேம்மா. நீயும் ஏறிக்க" என்றான். அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். தெரிந்த முகம் எதுவும் இல்லை. வெள்ளைப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

மேலே போனபோது ஆறு தெரிந்தது. ஆற்று நடுவே நந்தி மண்டபம் தெரிந்தது. கோயில் கோபுரம் எங்களுக்குச் சமமாக வந்துவிட்டது போல் இருந்தது. அம்மா என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு! எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு இடமே இல்லை.

ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போது, ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ராட்டினத்தைப் பத்திப் பாட்டிகிட்டே சொல்லாதே, என்ன?" என்றாள்.

மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். நாலாம் நாள், கும்பகோணத்துத் திருவிழா ராட்டினத்தில் ஏறிய பெருமையைப் பெரியப்பா மகன் அளந்துகொண்டிருந்தான். பொறுக்க முடியவில்லை. "நாங்களும்தான் ஏறினோம், நானும் அம்மாவும்!" என்று கத்தினேன். கூடத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி தலைநிமிர்ந்தாள். "யாரு, உங்கம்மாவா?" என்றாள். பிறகு, "முழுக்குன்னு சொல்லிட்டுப் போனது இதுக்குத்தானா?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அம்மா அம்மியிலிருந்து தலை தூக்கவில்லை.

அன்றிரவு நான் அழுதபோது, "உண்மையைத்தானே சொன்னே, போடா" என்று தட்டிக்கொடுத்தாள். அடுத்த ஐப்பசியில் அவள் எங்கேயும் போக வேண்டும் என்று கேட்கவில்லை. அதற்கடுத்த ஐப்பசியிலும் கேட்கவில்லை.

பாட்டியைக் கொடுமைக்காரியாக்கி ஒரு கதை எழுதிவிடுவது எனக்குச் சுலபம். அவளும் இருபது சொச்சம் வயதில் தாலி இழந்தவள்தான். தனக்கு விதித்ததை மருமகளுக்கும் விதித்தாள். அதற்கு மேல் அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு விசித்திரம் இருந்ததை இப்போது பார்க்கிறேன். அம்மா காவிரியில் நின்று அழுதிருந்தால் அது புண்ணியக் கணக்கில் போயிருக்கும். ராட்டினத்தில் சிரித்ததுதான் கள்ளத்தனம் ஆயிற்று. சிரிப்பதற்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கு நான். குழந்தையைத் தனியாக ஏற்றமாட்டேன் என்று ராட்டினக்காரன் சொல்லியிராவிட்டால் அவள் கீழேயே நின்றிருப்பாள்.

ஆண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மனைவியை இழந்த நண்பர் ஒருவர் இரண்டு பையன்களை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து மாமல்லபுரம் போவார். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். பாவம், எவ்வளவு பொறுப்பான தகப்பன் என்பார்கள். ஊர் சுற்றல் உனக்கெதற்கு என்று அவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த அனுதாபமும் இலவசமல்ல என்கிறார் அவர். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டால் சுண்டல் கிடைக்கும் என்று சின்னவன் கண்டுபிடித்துவிட்டானாம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை தவம் செய்வது போல் நிற்கும், சுற்றிலும் எலிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் காட்டி, "நீயும் அதுவும் ஒண்ணுடா" என்று மகனிடம் சொன்னாராம்.

'சார் வரலைங்களா?' என்பது ரயிலில் மட்டும் கேட்கப்படுவதல்ல. மகன் பேரில் பத்திரம் வாங்கக் காப்பாளராகக் கையெழுத்திட்டார் கீதா ஹரிஹரன் என்ற நாவலாசிரியை. தகப்பன் கையெழுத்து எங்கே என்று ரிசர்வ் வங்கி கேட்டது. இத்தனைக்கும் கணவரும் இதற்குச் சம்மதித்தவர்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1999-ல் தாயும் இயற்கைக் காப்பாளர்தான் என்று தீர்ப்பாயிற்று. பாஸ்போர்ட்டில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று விதி வந்தது 2016 டிசம்பரில். சர்க்கார் படிவமே அத்தனை வருஷம் கேட்ட கேள்வியை, முறுக்கு கொடுத்த பாட்டி கேட்டதில் என்ன ஆச்சரியம்?

கோயம்புத்தூர் அம்மாளுக்கு என்ன எழுதுவது? வழியில் சந்திக்கிற ஒருவர் முறுக்கு கொடுத்தார் என்பதற்காக அவரிடம் நம் குடும்பக் கதையைச் சொல்லவேண்டிய கடமை நமக்கில்லை. அவரிடம் சொன்ன பொய்யை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். குழந்தை அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பாள்? நாம் இருவராக வந்திருப்பது மறைக்கவேண்டிய ஒன்று போலிருக்கிறது என்றுதானே? எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. 'சொல்லாதே' என்ற பிறகுதான், அம்மா சிரித்தது ஏதோ தப்பு என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அது வெறும் சந்தோஷமாக இருந்தது. அம்மாவை நான் குறை சொல்கிறேனா? சொல்லத்தான் செய்கிறேன், கொஞ்சம். எட்டு வயதுப் பையன் தூக்கக்கூடிய சுமை அல்ல அது.

உண்மையையே சொல்லியிருக்கலாமே என்று நியாயவாதிகள் கேட்கலாம். "பிரிஞ்சுட்டோமுங்க" என்று அந்தப் பெட்டியில் சொல்லிப் பார்க்கட்டும். ஊட்டி போய்ச் சேருகிறவரை அத்தனை பேரும் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு வருவார்கள். அப்போதும் அவள் கூச்சல் போட்டிருக்கமாட்டாள்.

ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்: அடுத்த தடவை யாராவது கேட்டால், "இல்லைங்க, நாங்க ரெண்டு பேர்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அதில் பொய் இல்லை. அதற்கு மேல் கேட்பவர்கள் கேட்கட்டும். ஜன்னலுக்கு வெளியே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. குழந்தையிடம், 'எனக்குக் கூச்சமாக இருந்தது, அதனால் பொய் சொல்லிவிட்டேன்' என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். தாயின் மதிப்பு இதனால் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் சந்தோஷத்துக்காகத்தான் போனீர்களோ என்ற சந்தேகத்துக்கு, ஆமாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் டிக்கெட் வாங்கித்தானே ஏறினீர்கள்? குகைக்குள் நீங்கள் கத்தியதை அவள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லட்டும், தடுக்காதீர்கள்.

கடிதத்தை ஒட்டிய பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. 1994-ல், அம்மா என்னுடன் சென்னையில் இருந்த காலம். பார்வை மங்கிவிட்டது, பேப்பரை நான்தான் படித்துக் காட்டுவேன். ஒரு நாள் கடைமுழுக்குச் செய்தி வந்திருந்தது. படித்துவிட்டு, முப்பத்து மூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்த ராட்டினக்காரன் எனக்கு ரெண்டணா பாக்கி தரணும்டா" என்றாள். "நீ மேலே போனதும் பயந்து அழ ஆரம்பிச்சுட்டே. இறங்கின அவசரத்துல கேக்க மறந்துட்டேன்."

நான் அழுததாக எனக்கு ஞாபகமே இல்லை.